கடைத் தேநீர்

சனி, ஏப்ரல் 5, 1997

காலையில் ஈரப்பனி, மத்தியானம் மழை. இந்த நகரத்துக்கு வசந்தம் என்று ஒன்று வருவதாகச் சொல்கிறார்கள். பார்த்தவர் யாரும் இல்லை.

செய்ய இருந்தவை: சப்பாத்துக்கு அடி ஒட்டுதல். லீலாவின் முழங்கால் மருந்து. மகனுக்கு வன்கூவருக்குப் போன் (எடுக்க மாட்டான்). கிங்ஸ்டன் ரோட்.

கடைசியை மட்டும் செய்தேன்.

லீலாவுக்கு வழக்கமான பொய். "ஓவர்ரைம்." பெண் விஷயமாக மனைவியிடம் பொய் சொல்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சொல்வது ஸ்கோனுக்காக.

கிங்ஸ்டன் ரோட்டில் மிஸிஸ் பாலோவின் தேநீர்க்கடை. பழைய செங்கல் வீடு, முன்னறை இரண்டிலும் மேசைகள், வெள்ளை விரிப்பு. கனடாவுக்கு வந்த புதிதில் அரசாங்க வேலை ஒன்றுக்கு நேர்முகம். கொழும்பில் சுங்கத் திணைக்களத்தில் எனக்குக் கீழே ஒரு பகுதியே வேலை செய்தது. இங்கே மேசைக்கு மறுபக்கம் இருந்த பையன் கேட்டது ஒன்றுதான்: கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் உண்டா? வெளியே வந்து பிழையான பஸ் ஏறி, பிழையான இடத்தில் இறங்கி, மழைக்கு ஒதுங்கியது இந்தக் கடை வாசலில். கதவைத் திறந்த வெள்ளைக்காரக் கிழவி "உள்ளே வாருங்கள், சேர்" என்றாள். இந்த நாட்டில் என்னைச் சேர் என்றவர்களின் பட்டியல்: மிஸிஸ் பாலோ. பட்டியல் முடிந்தது. இப்போது கொண்டோ மாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் செக்கியூரிற்றி. மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிட்டு நான்தான் சேர் சொல்கிறேன்.

மாதம் ஒரு சனி இங்கே. வரிசை மாறாது. முதலில் தேநீர் நிறைந்த ரீபொட், கம்பளித் தொப்பி போட்டபடி. பிறகு துணியில் பொதிந்த இரண்டு ஸ்கோன், உள்ளங்கையளவு மா ரொட்டி, போறணைச் சூடு ஆறாமல். கத்தி வைக்கக் கூடாது. இரண்டு பெருவிரலாலும் இடுப்பில் பிடித்துத் திறந்தால் தானாகப் பிரியும், உள்ளே ஆவி. முதலில் கிரீம். கத்தியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டிக் கிரீம், மேலே மஞ்சள் ஆடை. அதற்கு மேல் ஸ்ரோபெரி ஜாம். மிஸிஸ் பாலோவின் ஊர் இங்கிலாந்தில் டெவன். அங்கே கிரீம்தான் முதல். பக்கத்து மாவட்டத்தில் ஜாம் முதலாம். அந்தப் பக்கத்து ஆட்களோடு தங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போதுமான காரணமாகவே பட்டது.

வாயில் வைத்ததும் சூடும் குளிரும் ஒன்றாக. பிறகு ஒரு மிடறு தேநீர், கிரீமை நாக்கிலிருந்து கழுவிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. மாதத்தில் அந்த நேரம் மட்டும்தான்.

இன்றைக்குத் தட்டைக் கொண்டுவந்தது மிஸிஸ் பாலோ அல்ல. கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு தமிழ்ப் பிள்ளை. தட்டை வைத்தாள். நிமிர்ந்தாள். நின்றாள்.

"பெரியப்பா?"

தம்பியின் மகள் துஷி. கடைசியாகக் கண்டது அவள் தாய் ரஞ்சியின் செத்தவீட்டில். அன்றைக்கு பியூனரல் ஹோமில் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது.

"இஞ்ச வாறனீங்களோ? எனக்குத் தெரியாது. நான் இப்பதான் சேர்ந்தனான், வீக்கெண்டில மட்டும். பெரியம்மா சுகமோ? பெரியப்பா, அப்பா வந்து..."

"தேத்தண்ணி ஆறுது."

போய்விட்டாள்.

தம்பியின் பெயரை முழுதாக எழுதக் கை வராது. கு. அது போதும். பதினொரு வருஷமாக அவன் வீட்டில் நாங்கள் பச்சைத்தண்ணியும் குடிப்பதில்லை, எங்கள் வீட்டில் அவர்கள் குடிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் கோபம் என்றால் அதுதான். வேலிக்கு மேலால் கத்துவதெல்லாம் கோபத்தில் சேராது.

இப்போது அவன் மகள் கொண்டுவந்து வைத்த தேநீர் முன்னால். யோசித்தேன். இது கடை. காசு கொடுத்துக் குடிப்பது. கடைத் தேநீருக்கு வீடு கிடையாது.

குடித்தேன். ஸ்கோன் இரண்டும் சாப்பிட்டேன். கோபமில்லாத அந்த நேரம் வரவில்லை. அதையும் கெடுத்துவிட்டான்.

ஞாயிறு, ஏப்ரல் 6

மேகம். இரவு நித்திரை இல்லை. கிரீம் காரணமல்ல.

ஒருமுறை எழுதி வைக்கிறேன். 86இல் ஐயா யாழ்ப்பாணத்தில் செத்தார். தகப்பனுக்குக் கொள்ளி மூத்தவன் வைக்க வேண்டும். நான் மூத்தவன். கொழும்பிலிருந்து தந்தி அடித்தேன்: வாறன், வைத்திருக்கவும். வவுனியாவோடு ரயில் நின்றுவிட்டது. லொறி, ட்ரக்ரர், நடை. அடுத்த நாள் போய்ச் சேர்ந்தபோது கு. கொள்ளி வைத்து, காடாத்தும் முடித்து, சாம்பல் முட்டியோடு வாசற் படலையில் நிற்கிறான். "தந்தி வரேல்லை அண்ணை. ஷெல் அடி. வைச்சிருக்கேலாமல் போச்சு." தந்தி வந்தது என்று தபாற்கந்தோரில் இருந்தவனே பிறகு என்னிடம் சொன்னான். அன்றைக்கு அந்த வீட்டில் பாயில் இருந்துவிட்டு ஒன்றும் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

என்னுடைய உரிமை. ஒருமுறைதான் வரும். எடுத்துவிட்டான்.

பின்னேரம் ரெலிபோன். லீலா எடுத்தாள். நெடுநேரம் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று கேட்டது. வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஸ்கோன் எண்டா என்ன?"

சொன்னேன்.

"ஒவ்வொரு மாசமும்?"

"ம்."

"இவ்வளவு காலமும் தனியப் போய்க் குடிச்சுப்போட்டு வந்தனீங்கள். இஞ்ச வந்து புட்டுக் காய்ஞ்சு கிடக்கெண்டு சொல்லுவியள்." குரல் உயரவில்லை. "என்னையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போவமெண்டு மனம் வரேல்லை."

அவள் இருந்தால் அந்த இடம் வீடாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். துஷிக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது. ஜூனில். தாரை வார்க்கத் தம்பதி வேண்டும். ரஞ்சி இல்லாமல் கு. தனியாக நின்று பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க முடியாது. ரஞ்சியின் தமையன் பாரிஸில், விசா கிடைக்கவில்லை. மிச்சம் நானும் லீலாவும்.

"பிள்ளை அழுது கேக்குது. எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இல்லை. ஒருக்காலாவது கன்னிகாதானம் செய்து குடுப்பம் எண்டு..." முடிக்காமல் குசினிக்குப் போய்விட்டாள்.

என் உரிமையை எடுத்தவன் இப்போது தன்னுடையதை என்னிடம் தர வருகிறான். சிரித்தேன். தனியாகச் சிரித்தது இந்தச் சுவருக்குள் என் காதுக்கே நன்றாக இல்லை.

திங்கள், ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. வேலை. லொபியில் யாருக்கும் தெரியாத வருஷம்.

குளிர் காற்று. ஒன்பதாம் மாடிக் கிழவியின் நாய் என் சப்பாத்தில் காலைத் தூக்கியது. "அவன் உங்களை விரும்புகிறான்" என்றாள்.

இரவுச் சாப்பாட்டில் லீலாவிடம் என் முடிவைச் சொன்னேன். "நான் வரமாட்டன் எண்டு சொல்லேல்லை. முறையா வந்து கூப்பிடட்டும். வெத்திலையோட வந்து, இந்தக் கதிரையில இருந்து, நீ போடுற தேத்தண்ணியைக் குடிச்சு, அண்ணை வாங்கோ எண்டு சொல்லட்டும்."

"அவரும் ஒண்டு சொன்னவராம்."

"என்ன?"

"நீங்கள் முதல் அவரின்ர வீட்டை போய், ரஞ்சியின்ர படத்துக்கு முன்னால இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்க வேணுமாம். அதுக்குப் பிறகு வெத்திலை என்ன, மேளத்தோட வந்து கூப்பிடுவாராம்."

"தம்பிக்காரன் தமையனுக்கு நிபந்தனை போடுறான்."

"தமையன்காரன் தம்பிக்குப் போட்டதுக்கு" என்றாள் லீலா, சோற்றைப் பிசைந்துகொண்டு.

சனி, மே 3

வெயில், ஆனால் சூடில்லை.

துஷியின் திட்டம். யாருடைய வீடும் வேண்டாம். பாலோ அம்மாவின் கடையில் சந்திப்பது. ஒரே ரீபொட்டிலிருந்து இரண்டு பேரும் குடிப்பது. அதோடு கோபம் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்வது. பிள்ளையின் மூளை.

லீலா நீலச் சேலை கட்டி, மேலே விண்டர் கோட். மெயின் ஸ்ரீட் ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது "இதாலதானோ வாறனீங்கள்" என்றாள். இதுவரை பார்க்காத என் அறை ஒன்றைப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

கு. எங்களுக்கு முன்பே வந்திருந்தான். குரியர் கொம்பனி ஜக்கெற், முன்தலை வழுக்கை. ஐயாவின் காது அவனுக்கு. அது மட்டும் வயசோடு பெரிதாகியிருக்கிறது. எழும்பினான்.

"இருங்கோ அண்ணை. மச்சாள், இருங்கோ."

என் மேசையில் என்னை இருக்கச் சொல்கிறான்.

துஷி ஏப்ரனோடு வந்து ரீபொட்டை நடுவில் வைத்தாள். "இது ஒருத்தற்ற வீடும் இல்லை. நியூட்ரல். ஓகேயா? நானே ஊத்துறன்." மூன்று கோப்பைக்கும் வடி வைத்து ஊற்றினாள்.

லீலா ஸ்கோனைக் கிள்ளி வாயில் போட்டாள். "பணிஸ் மாதிரி. சீனி காணாது." பிறகு கிரீமோடு ஒரு துண்டு. பேச்சு நின்றது. கண்ணை மூடித் திறந்தாள். "பிள்ளை, இதை மட்டும் தனியத் தருவினமோ?" துஷி சிரித்துவிட்டாள். எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. ஏழு வருஷம் நான் ஒளித்துவைத்த முகம் அவள் முகத்தில்.

கு. ஸ்கோனைக் கத்தியால் வெட்டினான். ஜாமை அள்ளிப் பூசினான்.

"அப்பிடி இல்லை. கிரீம் முதல்" என்றேன்.

"எது முதல் போனாலும் வயித்துக்கைதானே அண்ணை."

"வரிசை எண்டு ஒண்டு இருக்கு."

"ஓம். உங்களுக்கு எப்பவும் வரிசை."

பூசிய ஸ்கோனைத் தட்டில் வைத்தான். சாப்பிடவில்லை. கோப்பையையும் தொடவில்லை. நான் இரண்டு மிடறு குடித்துவிட்டேன், அப்போதுதான் கவனித்தேன்.

துஷி கவனித்தாள். "அப்பா, குடியுங்கோவன்."

"குடிக்கலாம் பிள்ளை. ஆனா இது கடையெல்லே. காசு குடுத்துக் குடிக்கிறது குடிச்சதில சேராது."

"வாட்? அப்பா! அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"நீ கூப்பிட்டனி, வந்தன். இது குடிச்சதில சேருமோ எண்டு பெரியப்பாவைக் கேள்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லீலாவின் கண் கெஞ்சியது. சேரும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"அவன் சொல்லுறது சரி" என்றேன். "கடையில குடிச்சா அது கணக்கில்லை."

பதினொரு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம். அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, அடக்குவதற்குள். ஒரு கணம் இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சிரித்தோம். துஷி "யூ டூ ஆர் இம்பொசிபிள்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாலோ அம்மா தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நல்லது நடக்கிறது என்று நினைத்திருப்பாள்.

அந்தச் சிரிப்போடு எழும்பியிருந்தால்.

கு. மேசை விரிப்பைத் தடவிக்கொண்டு சொன்னான்: "ஒண்டு கேக்கட்டோ அண்ணை. அண்டைக்கு ரஞ்சி தேத்தண்ணி போட்டு அனுப்பினவ. நீங்கள் தொடேல்லை. பாயில உங்களுக்கு முன்னால ஆறிக் கிடந்தது. ஊர்ச் சனம் முழுக்கப் பாத்தது. ஆஸ்பத்திரியில கடைசி நேரத்திலயும் அவ அதைச் சொன்னவ. அத்தார் என்ர கையால ஒண்டும் குடிக்காமல் போட்டார் எண்டு. கொள்ளி வைச்சது நான். அவ உங்களுக்கு என்ன செய்தவ?"

"தந்தி வந்தது" என்றேன்.

"அண்ணை, நான் ரஞ்சியைப் பற்றிக் கதைக்கிறன்."

"தந்தி வந்தது."

விரிப்பைத் தடவுவதை நிறுத்தினான். பிறகு: "ஓம். வந்தது. பின்னேரம் வந்தது. அதுக்கு முதல் ஐயாவை எடுத்தாச்சு."

லீலா என் கையைப் பிடித்தாள்.

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் வரேல்லை எண்டனி?"

"நீங்கள் படலையில நிண்டு கேட்ட மாதிரிக்குப் பயந்துதான்."

பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரிகள் வெள்ளரிக்காய் சான்ட்விச் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தோலைச் சீவ வேண்டுமா, வேண்டாமா.

"வீட்டை வாங்கோ அண்ணை" என்றான் கு. குரல் இறங்கியிருந்தது. "ஒரு கோப்பை. அவவின்ர படத்துக்கு முன்னால. வேற ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளையை நீங்கள்தான் பிடிச்சுக் குடுக்க வேணும்."

"நீ முதல் என்ர வீட்டை வா. நான் மூத்தவன்."

எழும்பினான். தொப்பியைப் போட்டான். "வாறன் மச்சாள்." போய்விட்டான்.

அவன் கோப்பை அப்படியே. மேலே மெல்லிய ஆடை படிந்துகொண்டிருந்தது. நல்ல தேநீர், வீணாய்ப் போகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஞாயிறு, மே 4

மழை. லீலா பேச்சுக் குறைவு. மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் துஷி போன். நான்தான் எடுத்தேன்.

"பெரியப்பா, நேற்று அப்பா சொன்ன கோப்பை. அம்மா போட்டவ, ஆனா கொண்டு வந்து தந்தது நான். எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. ஊத்துப்படாமல் நடக்க வேணும் எண்டு விறாந்தை முழுக்க மெல்ல மெல்ல வந்தனான். வைச்சிட்டு, நீங்கள் எடுப்பியள் எண்டு பக்கத்திலயே நிண்டனான்."

எனக்கு நினைவில்லை. கோப்பை நினைவிருக்கிறது, நீலக் கரை. பாய் நினைவிருக்கிறது. கொண்டுவந்த கை நினைவில்லை.

"இப்ப ஒவ்வொரு சனியும் ஆருக்கோவெல்லாம் கொண்டு போய் வைக்கிறன், எல்லாரும் தாங்க் யூ எண்டு குடிக்கினம்" என்றாள். சிரித்தாளோ, அழுதாளோ. "வீட்டை வாங்கோ பெரியப்பா. அப்பா வேலைக்குப் போன நேரமெண்டாலும் பரவாயில்லை. நான் போட்டுத் தாறன்."

"பாப்பம்" என்றேன்.

பாப்பம். சுங்கத்தில் லஞ்சம் தர வந்தவர்களைத் திருப்பி அனுப்ப நான் பாவித்த சொல்.

சனி, மே 17

கடைசியில் சூடு. மரங்களில் இலை. கோட் இல்லாமல் போனேன்.

லீலாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தானும் வருவாள். வந்தால் திரும்பிப் போக வழி இருக்காது. பாலோ அம்மாவிடம் போய் ஸ்கோன் அரை டசின், ஒரு சின்னப் போத்தல் கிரீம், ஜாம். துஷிக்கு இன்று லீவு. "விருந்தா சேர்?" "தம்பி வீட்டுக்கு" என்றேன். ஆங்கிலத்தில் சொல்ல லேசாக இருந்தது. அவளே நாடாவால் பெட்டியைக் கட்டித் தந்தாள்.

மோர்னிங்சைட் பஸ். பெட்டி மடியில், அடி இன்னும் சூடு. ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். முற்றத்தில் என்ன சொல்வது, எந்தக் கதிரை, முழுக்கக் குடிப்பதா, பாதியா. முழுக்க என்று தீர்மானித்தேன். எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதை யாரும் நம்ப மாட்டார்கள்: முழுக்க என்றுதான் தீர்மானித்தேன்.

தெருமுனையில் திரும்பியதும் கு.வின் வீட்டு வாசல் தெரிந்தது. ட்ரைவ்வேயில் கனகசபையின் வெள்ளை வான்.

கனகசபை. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர். கொழும்பில் என் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். என்னைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புவான். இங்கே கண்டால் தோளில் தட்டுகிறான். கராஜ் திறந்திருந்தது. உள்ளே கு.வும் கனகசபையும் கதிரை போட்டு இருந்தார்கள். கனகசபையின் கையில் கோப்பை. அவன் மனைவி பந்தக்கால், மணவறை என்று ஏதோ கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். கனகசபையின் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"குணம், நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும். அண்ணர் வராட்டில் நாங்கள் நிண்டு குடுப்பம். ஆக்களுக்கோ குறை?"

கு. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினான். ஓம் என்றோ, இல்லை என்றோ.

கனகசபைக்கு முன்னால் நான் அந்தக் கோப்பையைக் குடிப்பதா? அவன் பார்த்துக்கொண்டிருக்க? அடுத்த நாள் சங்கம் முழுக்கச் சொல்லித் திரிவான், கடைசியில் தமையன் பெட்டியோடு வந்தார் என்று.

திரும்பி நடந்தேன். கு. கண்டானோ தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிலிப்பினோப் பெண் "நல்ல வாசம்" என்றாள்.

வீட்டில் பெட்டியை லீலா பிரித்தாள். எண்ணவில்லை, கேட்கவில்லை. நாடாவை விரலில் சுற்றி லாச்சிக்குள் வைத்தாள்.

"ஆருக்கு வாங்கினது?"

"உனக்குத்தான்."

"பொய்" என்றாள்.

புதன், மே 28

இடி. வேலையில் லொபிக் கண்ணாடிக்குப் புதுப் பூட்டு.

தபாலில் கல்யாணக் காட். மஞ்சள் பூசிய மூலைகள், முத்திரை ஒட்டியபடி. உறையில் துஷியின் கையெழுத்து. சொந்தத் தமையனுக்குத் தபாலில் காட். ஊரில் இதைச் செய்திருந்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சில்லை.

உள்ளே ஒரு துண்டு: "பெரியப்பா, அப்பா கொண்டு வரமாட்டார், நீங்கள் வரமாட்டீங்கள். அதனால் கனகசபை அங்கிளும் அன்ரியும் தாரை வார்க்கிறார்கள். ஐயருக்கு நேற்றுத்தான் சொன்னோம். கடைசி மட்டும் பார்த்தேன். நீங்களும் பெரியம்மாவும் கட்டாயம் வாங்கோ. முன்வரிசையில் உங்களுக்குக் கதிரை விட்டிருக்கிறது."

லீலா இரண்டு தரம் படித்தாள். பிறகு கேட்டாள்: "அண்டைக்குப் பெட்டியோட அங்கதான் போனனீங்கள், என்ன?"

"கனகசபை நிண்டான்."

"நிண்டா?"

விளக்க முடியவில்லை. பதினொரு வருஷமாக ஒருவருக்கும் விளக்கத் தேவைப்படாத விஷயம்.

"நீ போ" என்றேன். "நான் மறிக்கேல்லை."

"தனியப் போய் எந்தக் கையால பிடிச்சுக் குடுக்கிறது?"

ஞாயிறு, ஜூன் 8

தெளிவான நாள். ஒரு மேகமில்லை. மற்ற நாளென்றால் குறை சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

லீலா காலையிலேயே புறப்பட்டாள். கீழ் மாடி அன்ரியின் காரில். மாம்பழ நிறக் காஞ்சிபுரம், தலையில் பூ. கதவடியில் நின்றாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "வாறன்" என்றாள். லிப்ற் வந்தது, போனது.

வீட்டில் இருக்க முடியவில்லை. கிங்ஸ்டன் ரோட். கடை திறந்ததும் முதல் ஆள்.

மிஸிஸ் பாலோ வெளியே வந்து, "இன்றைக்கல்லவா நம் பிள்ளையின் கல்யாணம்?" என்றாள்.

"அடுத்த ஞாயிறு" என்றேன்.

"ஓ, நான் நாள் மாறி நினைத்துவிட்டேன் சேர். எனக்கு வயசாகிவிட்டது." தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஜன்னலோர மேசை. ரீபொட். துணியில் பொதிந்த இரண்டு ஸ்கோன்.

முகூர்த்த நேரம். இந்நேரம் கனகசபை பட்டு வேட்டியில், அவன் மனைவி செம்பிலிருந்து நீர் வார்க்க, துஷியின் கையைப் பிடித்து அந்தப் பையனின் கையில். மேளம் கெட்டிமேளமாகும். கு. ஓர் ஓரத்தில்.

ஸ்கோனைத் திறந்தேன். ஆவி. முதலில் கிரீம், பிறகு ஜாம். இன்றைக்கு வாய்க்குப் பிடிக்காது, மண்ணாக இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். அப்படி இருந்திருந்தால் நல்லது.

நன்றாக இருந்தது. போன தடவையை விட நன்றாக. வெளிப்புறம் மெல்லிய முறுகல், உள்ளே பஞ்சு. சூடும் குளிரும் ஒன்றாக. தேநீர் சரியான சாயம். இரண்டு மாதமாக வராத அந்த நேரம், யார் மேலும் கோபமில்லாத நேரம், இன்றைக்கு வந்தது. நெடுநேரம் நின்றது. கு. மேலே கோபமில்லை. கனகசபை மேலேகூட இல்லை. தேடிப் பார்த்தேன், ஒருவர் மேலும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து என்ன செய்ய?

இரண்டாவதையும் சாப்பிட்டேன். துணியில் ஒட்டியிருந்த துகளையும்.

புறப்படும்போது மிஸிஸ் பாலோ ஒரு போத்தல் கிரீமைக் கையில் திணித்தாள், வெள்ளை ரிபன் கட்டி. "மணப்பெண்ணுக்கு, என் பெயரால். அடுத்த ஞாயிறு மட்டும் குளிரில் வையுங்கள்."

வீட்டுக்கு வந்து போத்தலைக் குளிர்ப்பெட்டியில் பின்னுக்குத் தள்ளி வைத்தேன்.

லீலா வந்தது பின்னேரம். பலகாரப் பொட்டலம், தேங்காய். கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றினாள்.

"எப்பிடி நடந்தது?" என்றேன்.

"நடந்தது."

"ஆக்கள் கனக்கவோ?"

"ஓம்." பூவைக் கழற்றினாள். "தாரை வார்க்கேக்கை பிள்ளை நிமிர்ந்து பாத்தது. ஐயர் குனியச் சொல்லச் சொல்ல நிமிர்ந்து வாசலைப் பாத்தது. குணமும் பாத்தார். முன்வரிசையில என்ர பக்கத்துக் கதிரை வெறுமையாக் கிடந்தது. ஆரும் இருக்கேல்லை, எடுக்கவும் விடேல்லை."

சேலை மாற்றிக்கொண்டு குசினிக்குப் போனாள். கேத்தில் கொதிக்கும் சத்தம். எனக்கும் தொண்டை வறண்டிருந்தது. கதிரையில் வந்து இருந்தேன்.

அலுமாரி திறந்தது. ஒரு கோப்பை எடுத்தாள். ஒன்று மட்டும். ஊற்றிக்கொண்டு அறைக்குள் போனாள்.